நீளம் சரியென்றால் ஸ்பிரிங்கும் சரியா?

அமெரிக்காவில் ஏ.ஆர்-15 ரக ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பலர் அதன் பாகங்களைத் தாங்களே வாங்கி மாற்றிக்கொள்வார்கள். அதில் அடிக்கடி சந்தேகம் கிளப்புவது பஃபர் ஸ்பிரிங். தோளில் ஊன்றும் கட்டைக்குள் ஒரு குழாய். அதற்குள் இது இருக்கிறது. சுட்டதும் பின்னோக்கிப் பாயும் போல்ட்டைத் தாங்கி, மறுபடி முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்ற வைப்பது இதன் வேலை. இதைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பழைய ஸ்பிரிங்கைவிடப் புதியது நீளமாக இருந்தால் அது தவறான பாகம்.

உண்மை: பழையது உழைத்துக் குறுகியது, அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. அமெரிக்க ராணுவத்தின் பராமரிப்புக் கையேடு ஒற்றை எண்ணைத் தரவில்லை, வரம்பைத் தருகிறது: ஏ.ஆர்-15இன் ராணுவ வடிவங்களான எம்16 ரைஃபிளுக்கு 11¾ முதல் 13½ அங்குலம், அதைவிடக் குட்டையான எம்4 கார்பைனுக்கு 10 1/16 முதல் 11¼ அங்குலம். ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்து, தட்டையான மேசையில் கிடத்தி, இழுக்காமலும் அழுத்தாமலும் அளக்க வேண்டும். புது ஸ்பிரிங் முதல் சில முறை அழுந்தியதும் சற்றே குறுகுவது இயல்பு. தட்டைக் கம்பியில் செய்த ஸ்பிரிங்குக்கு இந்த எண்கள் பொருந்தா. அதற்குத் தயாரிப்பாளர் தரும் அளவே கணக்கு.

நம்பிக்கை: ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் ஒரே ஸ்பிரிங் போதும்.

உண்மை: குழாயின் நீளமே வேறு. ரைஃபிள் ஸ்பிரிங்கில் 41 முதல் 43 சுற்றுகள், கார்பைனில் 37 முதல் 39. எது எதற்கானது என்று குழம்பினால் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள்.

நம்பிக்கை: நீளம் வரம்புக்குள் இருந்தால் விசையும் சரியாகவே இருக்கும்.

உண்மை: பலரும் தவறுவது இங்கேதான். ஸ்பிரிங்கின் விறைப்பைத் தீர்மானிப்பவை உலோகம், கம்பியின் கனம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. இவற்றில் கம்பியின் கனத்துக்குத்தான் செல்வாக்கு அதிகம். விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் கூடும். மற்றவை மாறாதிருக்க, கம்பி 5 சதவீதம் தடித்தாலே விறைப்பு சுமார் 22 சதவீதம் ஏறிவிடும். இந்த வித்தியாசம் அளவு நாடாவுக்குத் தெரியாது. குறிப்பிட்ட நீளத்துக்கு அழுத்தி, அப்போது அது எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்று அளந்தால்தான் தெரியும். விசை குறைந்தால் போல்ட் முழுதாக மூடாமல் நிற்கலாம். மிகுந்தால் போதிய தூரம் பின்னே வராமல், காலித் தோட்டாக்கூடு சிக்கலாம்.

நம்பிக்கை: விறைப்பாக இருந்தால் ஒரு சுற்றை வெட்டிவிடலாம், குறுகியிருந்தால் இழுத்து நீட்டிவிடலாம்.

உண்மை: சுற்று குறையக் குறைய விறைப்பு கூடத்தான் செய்யும். குறைவது, பொருத்திய நிலையில் ஸ்பிரிங் தரும் ஆரம்ப அழுத்தம். போல்ட் சரியாக மூடி நிற்க அது தேவை. இழுத்து நீட்டிய ஸ்பிரிங்கோ சில முறை அழுந்தியதும் மறுபடி குறுகிவிடும்.

அளவில் தேறாத ஸ்பிரிங்கைத் தயங்காமல் கழித்துவிடலாம். தேறிய ஸ்பிரிங்கை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். நீளம் முதல் வடிகட்டல்தான், தரச்சான்று அல்ல. எதற்காகக் கழற்றினாலும், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.