அது பேருதானே மாமா?

மக்களே, முதல்ல ஒரு வாக்குமூலம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நான் ‘ஓ’ கிரேடு. பெருமைக்குச் சொல்லல, கீழே படிச்சா புரியும்.

போன லீவுக்கு விசாகப்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் அக்காவும் நானும் பசங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஆர்.கே. பீச்சில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பெரியவள் நாலாவது படிக்கிறாள், சின்னவன் யூ.கே.ஜி.

அங்கே இருப்பது மாடல் இல்லை, நிஜக் கப்பல். பேரு ஐ.என்.எஸ். குர்சுரா. சோவியத் யூனியனில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் நம்ம கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் ரோந்து போனது. 31 வருஷம் உழைச்சிட்டு 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அதைக் கரைக்கு இழுத்து மணலில் நிறுத்தி, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தாங்க. நீளம் 91 மீட்டர். நம்ம காலேஜ் பஸ் எட்டு, ஒன்பதை வரிசையா விட்டா வரும் நீளம்.

வெளியே நின்னு அண்ணாந்து பார்த்துட்டே பெரியவள் கேட்டாள்: “மாமா, இவ்ளோ இரும்பு ஏன் மிதக்குது? முங்கின அப்புறம் எப்படி மேல வருது?”

நான் கெத்தா சொன்னேன்: “பாய்ன்சி.”

“அது பேருதானே மாமா? ஏன்னுதான் கேட்டேன்.”

அக்கா சிரிச்சிட்டா. எனக்குச் சிரிப்பு வரல. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். டெஃபனிஷன் வார்த்தை பிசகாம வரும். அதை ஒன்பது வயசுப் பொண்ணுக்குச் சொல்ற மாதிரி நான் ஒருநாளும் யோசிச்சதே இல்ல. உங்களில் எத்தனை பேரால முடியும்? ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

அன்னைக்கு ராத்திரி ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலோட அடியை வெட்டிடுங்க. மூடி இறுக்கமா இருக்கட்டும். வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி ஒரு வாளித் தண்ணிக்குள்ள நேரா அழுத்துங்க. உள்ளே தண்ணி அவ்வளவா ஏறாது, ஏன்னா காத்துக்கு வெளியே போக வழியில்லை. கையை மேலே தள்ளும் பாருங்க, அதுதான் மிதப்பு விசை. பாட்டில் எவ்வளவு தண்ணியை ஒதுக்கித் தள்ளுதோ, அவ்வளவு தண்ணியோட எடைக்கு அது மேலே தள்ளும். இப்போ மூடியை மெதுவா திறங்க. காத்து புஸ்ஸுன்னு மேலே போகும், தண்ணி அடியிலிருந்து ஏறும், கையில் இருந்த தள்ளல் காணாமப் போகும். இதை நான் பசங்களுக்குச் செஞ்சு காட்டினேன்னு சொல்றதைவிட எனக்கே செஞ்சு காட்டிக்கிட்டேன்னு சொல்லணும். ‘ஓ’ கிரேடு வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு அந்த விசையை முதல் தடவையா கையில் உணர்ந்தேன்.

குர்சுராவும் இதேதான் செய்யுது. அதுக்கு ரெண்டு உடம்பு. உள்ளே ஆட்கள் இருக்கிற, அழுத்தத்தைத் தாங்குற கெட்டியான கூடு. அதைச் சுத்தி வெளிக்கூடு. நடுவில் இருக்கும் தொட்டிகளுக்குத்தான் பல்லாஸ்ட் டேங்க்னு பேரு. தொட்டியோட அடியில் கடல்தண்ணி வர வழி, உச்சியில் நம்ம பாட்டில் மூடி மாதிரி வால்வு. வால்வைத் திறந்தா காத்து வெளியேறும், தண்ணி உள்ளே வரும், கப்பல் முங்கும். மேலே வரணும்னா வால்வை மூடிட்டு, சிலிண்டர்களில் அடைச்சு வச்சிருக்கும் அழுத்தமான காத்தைத் தொட்டிக்குள்ள விடுவாங்க. வந்த வழியாவே தண்ணி வெளியே போயிடும். கப்பலோட அளவு மாறல, எடைதான் மாறுது. சூட்சுமம் அவ்வளவுதான்.

எவ்வளவு தண்ணி? மேலே மிதக்கும்போது இந்தக் கப்பல் சுமார் 1950 டன், முங்கியிருக்கும்போது சுமார் 2475 டன். வித்தியாசம் 525 டன். 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்குல போட்டா நாற்பதுக்கும் மேல. “அத்தனை லாரியும் நம்ம தெருவுல நிக்குமா?”ன்னு சின்னவன் கவலைப்பட்டான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நான் பேசும்போதெல்லாம் “மூழ்கும்”னுதான் சொல்லிட்டு இருந்தேன். “மூழ்கினா செத்துருவாங்க, இது முங்குது”ன்னு பெரியவள் திருத்தினாள். கிணத்துல முங்கி எழுற அதே முங்கு. சிங்க், டைவ்னு இங்கிலீஷ்ல கவனமா பிரிச்சுப் படிச்ச எனக்கு, தமிழ்லயும் அந்த வித்தியாசம் இருக்குன்னு உறைக்கவே இல்லை.

கப்பலுக்குள் போனதும் குழந்தைகளுக்குத்தான் ராஜ்யம். ஒரு அறையிலிருந்து அடுத்ததுக்குப் போற வாசல் வட்டமான ஓட்டை. பசங்க அப்படியே நுழைஞ்சு ஓடுறாங்க, நான் ஒவ்வொண்ணுலயும் காலைத் தூக்கி, தலையைக் குனிஞ்சு, முதுகை இடிச்சுக்கிட்டுப் போனேன். முட்டிவலி இருக்கும் தாத்தா பாட்டி வந்தா கொஞ்சம் யோசிங்க. இன்னொண்ணு, பின்னாடி வரிசை தள்ளிட்டே இருக்கும், உள்ளே நின்னு பாடம் நடத்த முடியாது. பாட்டில் பரிசோதனையை முந்தின நாளே வீட்டுல முடிச்சிடுங்க. நான் பண்ணின தப்பு அதுதான்.

உள்ளே டீசல் இன்ஜினும் இருக்கு, மின்மோட்டாரும் இருக்கு. ரெண்டும் எதுக்கு? டீசல் எரியக் காத்து வேணும், தண்ணிக்கடியில் அது கிடைக்காது. அதனால முங்கியிருக்கும்போது பேட்டரியில் ஓடும். சார்ஜ் குறைஞ்சா மேல்மட்டத்துக்கு வந்து, ஸ்நார்கல் குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காத்து இழுத்து, டீசலை ஓட்டி சார்ஜ் ஏத்தணும். எதிரி கண்ணில் படுற ஆபத்தான நேரமும் அதுதான். சின்னவன் இதை ஒரே வார்த்தையில் முடிச்சிட்டான்: “இன்வர்ட்டர்!”

டார்பிடோ அறையில்தான் மாட்டிக்கிட்டேன். முன்னாடி ஆறு, பின்னாடி நாலுன்னு மொத்தம் பத்துக் குழாய்.

“இது எதுக்கு மாமா?”

“வேற கப்பலை உடைக்க.”

“அந்தக் கப்பல்ல ஆளுங்க இருப்பாங்கல்ல?”

‘எதிரிங்கதான்’னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அக்கா முந்திக்கிட்டா: “இருப்பாங்கடி. அவங்களுக்கும் வீட்டுல உன்னை மாதிரி பிள்ளைங்க இருப்பாங்க.”

அதே பீச்சில் கொஞ்சதூரத்தில் 1971 போர் வெற்றி நினைவுச்சின்னம் இருக்கு. அந்த டிசம்பரில் இந்த ஊர்க் கடலுக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது. உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவங்களில் ஒருத்தர்கூட பிழைக்கல. சில நாளில் அரபிக்கடலில் நம்ம குக்ரி கப்பலை அவங்களோட ஒரு நீர்மூழ்கி மூழ்கடிச்சது, அதில் 194 பேர் போனாங்க. பெரியவள்கிட்ட ரெண்டையும் சொன்னேன், எண்களை விட்டுட்டு.

ரொம்ப நேரம் கடலையே பார்த்துட்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: “அவங்க அந்த வால்வை மூடிக் காத்து விட்டிருந்தா மேல வந்திருப்பாங்களா?”

கூடு உடைஞ்சிட்டா காத்து எங்கேயும் நிக்காதுடா, அடி வெட்டின பாட்டில்ல மூடியும் இல்லாத மாதிரின்னு சொன்னேன். இந்தத் தடவை “அது பேருதானே”ன்னு அவள் சொல்லல. தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.