துணைத் தேர்வு: ஒரு பாடத்துக்காக ஓராண்டை இழக்காதீர்கள்

பிளஸ் 2 தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலே ஓராண்டு வீணாகிவிட்டது என்று பல வீடுகளில் இன்றும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த நிலைமை இப்போது இல்லை. மே மாதம் தேர்வு முடிவு வந்தால் ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு நடந்துவிடுகிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறிய பாடங்களின் மதிப்பெண் அப்படியே இருக்கும். தேறிவிட்டால் அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேர வாய்ப்பு உண்டு. மனம் உடைந்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறவர்களுக்குத்தான் ஓராண்டு போகிறது.

முதல் வாரம்: விண்ணப்பம்

துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்கள்தான் அவகாசம் தருவார்கள். பள்ளி மாணவர்கள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். தனித்தேர்வர்கள் அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்குப் போக வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டவர்களுக்குத் தக்கல் முறை உண்டு. கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். தேதிகளை அக்கம்பக்கத்தில் கேட்டு நம்பாதீர்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் பாருங்கள், தலைமையாசிரியரிடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நன்றாக எழுதியும் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று தோன்றினால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். ஆனால் அதன் முடிவுக்காகத் துணைத் தேர்வு விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் செய்யுங்கள். மதிப்பெண் மாறாவிட்டாலும் நகல் பயன்படும். எந்தப் பகுதியில் கோட்டை விட்டோம், எந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது: எத்தனை மதிப்பெண் வேண்டும்?

தேர்ச்சிக்கு 100-க்கு 35 வேண்டும். இந்த 35-ல் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். இயற்பியலில் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 27 வைத்திருப்பவர் அந்த 15-ஐத் தொட்டாலே மொத்தம் 42 ஆகிவிடும். அந்த வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் மட்டுமே 15 இருக்கின்றன.

செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 25 வேண்டும். இங்கே கவனம் தேவை. அகமதிப்பீட்டில் 10 பெற்றவருக்கு 25 போதும். 8 பெற்றவர் 27 எடுத்தால்தான் மொத்தம் 35 வரும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20. அவற்றில் 15 சரியாகி, இரண்டு மதிப்பெண் கேள்விகளில் ஆறு சரியானால் 27 வந்துவிடும்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். முழுப் புத்தகத்தையும் நினைத்துப் பயப்படுவதற்கும், இன்னும் இத்தனை மதிப்பெண்தான் என்று தெரிந்து படிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

படிக்கும் முறை

புத்தகத்தில் எல்லாப் பாடங்களின் பின்னாலும் உள்ள ஒரு மதிப்பெண் கேள்விகளை முதலில் முடியுங்கள். பாடத்துக்கு உள்ளிருந்தும் கேட்பார்கள் என்பதால் விடைக்கான காரணத்தையும் சேர்த்துப் படியுங்கள். அடுத்து, உங்களுக்கு எளிதாக வரும் நான்கைந்து பாடங்களின் இரண்டு, மூன்று மதிப்பெண் கேள்விகளை எழுதிப் பாருங்கள். வாசித்தால் மட்டும் போதாது. வாரம் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம் எழுதி, பாட ஆசிரியரிடம் திருத்தித் தரச் சொல்லுங்கள். விடுமுறை என்று தயங்காதீர்கள்; வந்து கேட்கும் மாணவரை விரட்டும் ஆசிரியர் அரிது.

குறைந்தபட்சத்தை இலக்காக வைக்காதீர்கள். 35 வேண்டுமென்றால் 50-க்குப் படியுங்கள். பொறியியல், கலை அறிவியல் சேர்க்கைக்கு அந்தக் கூடுதல் மதிப்பெண் உதவும்.

தேறிய பிறகு

துணைத் தேர்வில் தேறியவர்களுக்காகப் பொறியியல் சேர்க்கையில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். பாலிடெக்னிக், ஐடிஐ இரண்டிலும் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்வோருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. துணைத் தேர்விலும் தவறினால் அடுத்த மார்ச்சில் தனித்தேர்வராக எழுதலாம்.

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் இன்னொரு வசதியும் உண்டு. தேர்ச்சி பெற்றவரும் ஒரு பாடத்தில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளத் துணைத் தேர்வு எழுதலாம்.

பெற்றோருக்கு

இந்த ஐந்தாறு வாரங்கள் பிள்ளையை எந்த வேலைக்கும் அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டாதீர்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, யாரிடமும் பேசாமல் அடைந்து கிடந்தாலோ உடனே உதவி கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; எந்த நேரமும் தமிழில் பேசலாம். தேர்வை மறுபடியும் எழுதிக்கொள்ளலாம். பிள்ளையின் உயிரும் மனமும் அதைவிடப் பெரியவை.

தவறியவர்கள் இன்றே செய்ய வேண்டியவை மூன்று: பள்ளிக்குப் போய் விண்ணப்பத் தேதியைக் கேளுங்கள், இன்னும் எத்தனை மதிப்பெண் வேண்டுமென்று கணக்கிடுங்கள், இரவுக்குள் ஒரு பாடத்தின் ஒரு மதிப்பெண் கேள்விகளை முடியுங்கள்.