அபாயத்தை அகற்றுவதும் ஆளை எச்சரிப்பதும்

தொழிற்கூடங்களில் நேரும் விபத்துக்களுக்குத் தொழிலாளியின் அஜாக்கிரதையே காரணம் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வெகு காலமாக வேரூன்றியிருக்கிறது. சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறிய மறுநாள், 'மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டதால் விபத்து' என்ற வரியைப் பத்திரிகையில் படித்தவுடனே, யாரோ ஒருவருக்குக் கை தவறிவிட்டது, அவர்கள் விதி முடிந்துவிட்டது என்று பெருமூச்செறிந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

உராய்வு பொய்யன்று. ஆனால் உராய்வு என்பது தீப்பொறி எழுந்த காரணத்தைச் சொல்லுமேயன்றி, அத்தனை பேர் ஒருங்கே மாண்ட காரணத்தைச் சொல்லாது. மருந்து அறையில் நால்வருக்கு மேல் அமரலாகாது. அறைக்கும் அறைக்கும் இடையே குறித்த தூரம் இருக்கவேண்டும். இரும்புக் கருவி உள்ளே வரலாகாது. உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் பூமிக்குள் இறங்கும்படி வாயிலிலுள்ள செப்புத் தகட்டைத் தொட்ட பிறகே உள்ளே நுழையவேண்டும். கலந்த மருந்தை மீதம் வைத்து மறுநாள் எடுக்கலாகாது. இவ்விதிகளை வகுத்தவர்கள் மனிதனுடைய கை தவறவே தவறாது என்று நம்பி வகுத்தவர்கள் அல்லர். தவறும் என்பதை நன்கறிந்து, தவறிய கையினால் விளையும் கேடு ஓர் அறையோடு நின்றுவிட வேண்டும் என்ற கருணையோடு வகுத்தவர்கள். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். அதற்கு எவருடைய கையும் படவேண்டியதில்லை. உரிமம் ஒருவர் பெயரிலும், அறைகள் உள்குத்தகையாக வேறு பலர் கையிலும் இருக்க, தீபாவளிக்கு முந்திய மாதங்களில் உருப்படிக் கணக்கில் கூலி பேசப்பட்டு, நால்வர் அமரவேண்டிய அறையில் எண்மர் அமர்ந்தும், இடம் போதாமல் மரத்தடியில் வைத்தும் மருந்து செலுத்துகிற ஆலையில், கடைசியாக மருந்தைத் தொட்டவரின் கையைக் குற்றம் சொல்லுவது நியாயமாகாது.

முகமூடியும் கையுறையும் தலைக்கவசமும் வாங்கிக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை தீர்ந்தது என்பது அடுத்த நம்பிக்கை. தொழிற் பாதுகாப்பை ஒரு சாஸ்திரமாகக் கற்றவர்கள் இதற்கு நேர்மாறான வரிசையைச் சொல்லுவார்கள். அபாயம் தரும் பொருளையோ முறையையோ அறவே நீக்க இயலுமா என்பது அவர்களுடைய முதற் கேள்வி. இயலாவிடில், தீங்கு குறைந்த மற்றொன்றை அதனிடத்தில் வைக்கலாமா என்று பார்ப்பார்கள். அதுவும் கூடாதபோது வேலி, மறைப்பு, புகைபோக்கி முதலியவற்றால் அபாயத்தை ஆளினின்றும் பிரித்து நிறுத்துவார்கள். பயிற்சியும் எச்சரிக்கைப் பலகையும் வேலை நேர ஒழுங்கும் அதற்குப் பிற்பாடுதான். இவையெல்லாம் செய்து தீர்ந்தபின்னும் மிஞ்சி நிற்கும் அபாயத்துக்கே முகமூடி. பொருளையே மாற்றிவிட்டால் அங்கே நிற்கிற எல்லோருக்கும், கவனமுள்ளவனுக்கும் களைத்தவனுக்கும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும், ஒருங்கே காப்புக் கிடைக்கிறது. முகமூடியோ, முகத்துக்குப் பொருந்தி, வியர்வையிலும் புழுக்கத்திலும் ஒரு நிமிஷமும் கழற்றப்படாதிருந்தால் மாத்திரமே காக்கிறது.

இதனைத் தீக்குச்சியின் சரித்திரத்தைவிடத் தெளிவாக விளக்குவது வேறொன்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் குச்சியின் முனைக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் பூசினார்கள். அதன் ஆவியை நெடுநாள் சுவாசித்த தொழிலாளிகளுக்கு முதலில் பல்வலி கண்டது. பின்பு ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. முடிவில் தாடை எலும்பே அழுகி, பக்கத்தில் நிற்க முடியாத துர்நாற்றத்தோடு துண்டு துண்டாக வெளிவந்தது. வியன்னாவின் வைத்தியர்கள் 1840களிலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். கைகளைக் கழுவச் சொன்னார்கள், பற்களைப் பரிசோதித்தார்கள், ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள், சொத்தைப் பல் உள்ளவர்களை வேலையினின்றும் விலக்கினார்கள். நோய் குறைந்த இடமுண்டு, ஒழிந்த இடமில்லை. இத்தனைக்கும், அவ்வகைத் தீங்கு இல்லாத சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசி உரசச் செய்யும் முறையைச் சுவீடனின் லண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள் 1855லேயே கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி மலிவானது, எந்தச் சுவரிலும் உரசிப் பற்றவைக்கலாம் என்ற சௌகரியத்துக்காக அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் மனிதர் தாடைகள் அழுகிக்கொண்டிருந்தன என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. 1888ஆம் வருஷம் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய அவல நிலையைப் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர், பிற்காலத்தில் நம் அடையாற்றில் வந்து வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். உணவு உண்பதற்குத் தனி அறை அந்தப் பெண்கள் போராடிப் பெற்ற அனுகூலங்களுள் ஒன்று. பாஸ்பரஸ் ஒட்டிய கையோடு, வேலை செய்யும் மேஜையிலேயே அதுவரையில் உண்டு வந்திருக்கிறார்கள். 1906இல் பெர்ன் நகரில் பல தேசங்கள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியைத் தடைசெய்ய உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவில் 1913இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று கற்றுவந்து, 1920களில் சிவகாசியில் இத்தொழிலைத் தொடங்கியபோது அந்த விஷம் சட்டத்தால் முன்னமே விலக்கப்பட்டிருந்தது. வேறு இன்னல்கள் சிவகாசிக்கு இருந்தன, குழந்தைகளின் உழைப்பு உட்பட. தாடை அழுகும் இந்தக் கொடுமைக்கு மாத்திரம் அங்கே இடமில்லாமற் போனது, எச்சரிக்கைப் பலகையால் அன்று, பொருளை மாற்றியதால்.

பாதுகாப்பு வீண் செலவு என்பாருக்கு ஒன்று சொல்லலாம். யந்திரத்தை வடிவமைக்கும்போதே சேர்க்கும் மறைப்புக்கு ஆகும் செலவு, விரல் போன பிறகு பொருத்தும் மறைப்புக்கு ஆவதைவிடக் குறைவு. சுழலும் பாகங்களுக்கு உறுதியான வேலியிட வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் பணித்ததே தவிர, தொழிலாளி பார்த்து நடந்துகொள்ளட்டும் என்று அவன் தலையில் பொறுப்பைச் சுமத்தி நின்றுவிடவில்லை.

'பழகிய ஆளுக்கு ஒன்றும் ஆகாது. வாடையை வைத்தே கண்டுகொள்வான்' என்ற பேச்சுத்தான் இத்தவறான நம்பிக்கைகளுள் மிகக் கொடியது. கழிவுநீர்த் தொட்டியில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு என்பது மெய்யே. ஆனால் 10 லட்சம் பங்கு காற்றில் அது 100 பங்கு அளவுக்கு ஏறிவிட்டால், சில நிமிஷங்களில் மூக்கின் உணர்ச்சியே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதை விஷம் நீங்கியதாக எண்ணி மனிதன் இன்னும் கீழே இறங்குகிறான். காற்றைவிடக் கனமான அந்த வாயு அடியில் தங்கியிருந்து, கசடைக் கிளறியவுடன் திரண்டு எழுகிறது. விழுந்தவனைத் தூக்க அண்ணன் இறங்குகிறான், அவனைத் தேடி மற்றொருவன் இறங்குகிறான். ஒரே தொட்டியில் இருவரும் மூவரும் மாண்ட செய்திகள் இப்படித்தான் உண்டாகின்றன. முகத்தில் கட்டும் துணியும் தூசு வடிகட்டும் முகமூடியும் அங்கே ஒரு பிரயோஜனமும் தரா. விழுந்தவரைக் கண்டால் எவரும் உள்ளே இறங்காமல், 101க்குத் தகவல் சொல்லி, சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்களுக்காகக் காத்திருப்பதே உயிர் காக்கும் வழி. இரத்த பாசத்துக்கு அது எவ்வளவு கடினமான காரியம் என்பதை அறிந்தே சொல்லுகிறேன்.

2013ஆம் வருஷச் சட்டம் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலையில் அபாயகரமாக ஆளை ஈடுபடுத்துவதைத் தடுத்து, முதற்குற்றத்துக்கே 2 வருஷம் வரை சிறையோ 2 லட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. வீட்டுக்காரரும் அதற்கு விலக்கல்லர். ஆயினும் அபாயகரம் என்பதற்கு அச்சட்டம் தந்த இலக்கணம், தற்காப்புச் சாதனங்களும் முன்னெச்சரிக்கைகளும் இல்லாமல் கையால் சுத்தம் செய்வது என்பதே. அதாவது வரிசையின் கடைசிப் படியிலேயே அது நின்றுவிட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் வழங்கப் பணித்ததோடு, மனிதர் இறங்கும் வழக்கத்தையே படிப்படியாக முற்றும் ஒழிக்கவும் கட்டளையிட்டது. முதற்படியின் குரல் அது. அதை நிறைவேற்றக் கசடு உறிஞ்சும் வண்டிகள் போதிய அளவில் வேண்டும். பெரிய வண்டி நுழைய முடியாத சந்துகளுக்குச் சிறிய வண்டிகளும் வேண்டும். ஆள் இறங்கினாலன்றிச் சுத்தம் செய்ய இயலாத தொட்டிகளை இனிக் கட்டுவதற்கு நகராட்சிகள் அனுமதி தரலாகாது.