கிட்டப் போகச் சொல்லாதீர்கள்

திருகோணமலைக் கடலில் திமிங்கலத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்ட பிறகு படகைச் சும்மா வைத்திருப்பதுதான் மீதி. உப்புவெளியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் எனக்கு இரண்டாவதுதான் இன்றுவரை கஷ்டம்.

எங்கள் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. அதனால்தான் நீலத் திமிங்கலமும் எண்ணெய்த் திமிங்கலமும் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன. காலம் வாய்த்தால் கோணேசர் கோயில் மலையில் நின்றே அவற்றின் மூச்சைப் பார்க்கலாம். மற்றக் கடல்களின் நீலத் திமிங்கலங்கள் பல இரை தேடித் துருவப் பக்கம் போய்வரும். வட இந்தியப் பெருங்கடலில் உள்ளவை அப்படிப் போவதில்லை. இரையும் குட்டியும் எல்லாம் இந்த வெதுவெதுப்பான நீரில்தான். நாங்கள் விரட்டினால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது.

படகோட்டி முதலில் பழக வேண்டியது மூச்சைப் படிக்க. நேராக, உயரமாக எழும்பினால் நீலம். முன்பக்கம் இடதுபுறமாகச் சரிந்து அடித்தால் எண்ணெய்த் திமிங்கலம். நீலம் சில தடவை மூச்சு விட்டு, முதுகை வளைத்து, ஆழத்துக்கு இறங்கிவிடும். அது போன இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றினதுபோல் வழுவழுப்பாகக் கொஞ்ச நேரம் கிடக்கும். அங்கே ஓடிப்போய் நிற்பதால் பயனில்லை. பத்து நிமிடம் பொறுத்தால் அது வேறெங்காவது எழும்பும்.

எண்ணெய்த் திமிங்கலம் வேறு மாதிரி. முக்கால் மணி நேரம்கூட அடியில் கணவாய் தேடிவிட்டு மேலே வந்து அசையாமல் மிதக்கும். தூங்குகிறது என்று பயணிகள் நினைப்பார்கள். அடுத்த முழுக்குக்கு மூச்சுச் சேர்க்கும் நேரம் அது. அப்போது குறுக்கே போனால் மூச்சு போதாமலே இறங்கிவிடும். அதன் வேட்டை கெடும். தாய் இரைக்குப் போகும்போது, அவ்வளவு ஆழம் போக முடியாத குட்டி மேலே நிற்கும். கூட்டத்தில் வேறொன்று காவலுக்கு அருகில் இருக்கும். தனியாக நிற்கிற குட்டியைக் கண்டால் ‘பாவம், வழி தவறிவிட்டது’ என்று நெருங்காதீர்கள்.

நான் எட்டத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுவேன். பின்னாலிருந்து துரத்துவதில்லை, முன்னால் போய் மறிப்பதுமில்லை. பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே மெல்லப் போவேன். 100 மீட்டருக்குள் போகக் கூடாது என்பது இலங்கைச் சட்டம். அதுவாகவே எங்களிடம் வந்தால் கியரை நியூட்ரலில் போடுவேன்; எஞ்சினை முழுதாக அணைப்பதில்லை. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். அது விலகிப் போனதைக் கண்ணால் கண்ட பிறகுதான் மீண்டும் கியர். வேறு படகுகள் முதலே நின்றால் அவற்றின் பக்கமாகவே நிற்பேன். எதிர்ப்பக்கம் போனால் திமிங்கலம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் எல்லாப் படகோட்டிகளுக்கும் தெரிந்ததுதான். பிறகு ஏன் படகுகள் விரட்டுகின்றன? “அண்ணா, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோவன், ஃபோனில சரியா விழேல்ல” என்று பின்னாலிருந்து குரல் வரும். கிட்டப் போகாத படகுக்கு அடுத்த நாள் ஆள் வராது என்ற பயம் எங்களுக்கு. கூட நீந்த வேண்டும் என்று காசை நீட்டுகிறவர்களும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்த வாலின் ஒரு வீச்சுக்கு முன்னால் மனிதன் எம்மாத்திரம்?

கச்சான் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் கடல் குளம்போலத்தான் கிடக்கும்; பொழுது ஏறினால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கத் தொடங்கும். அந்த நேரம் எஞ்சின் நின்றால் படகு கரைக்கு ஒதுங்காது, வெளியேதான் இழுபடும். அதனால் விடியும்போதே கிளம்பி, காற்று எழும்புமுன் திரும்பிவிடுவேன். துடுப்பும் மேலதிக எரிபொருளும் இல்லாமல் கரையை விடுவதில்லை.

திமிங்கலம் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏறுமுன் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். “தூரத்தில் நின்று பார்த்தாலே போதும், கிட்டப் போக வேண்டாம்” என்று படகோட்டியிடம் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.