தெருவில் பொங்கிய பால்

ஐரோலியில் ஒரு தமிழ்க் குடும்பம். குடியிருப்பது மாடி வீடு. விறகு அடுப்பு மூட்ட இடம் இல்லை. தை முதல் நாள். விடியும் முன்பே அம்மாவும் மகளும் தாராவிக்குப் புறப்பட்டார்கள். தானேயில் ரயில் மாறி, சயானில் இறங்கினார்கள்.

தாராவியில் 90 அடிச் சாலை. பெண்கள் வரிசையாகச் செங்கல் அடுப்பு வைத்திருந்தார்கள். தாராவிச் சந்துகள் மிகவும் குறுகல். வீடுகளுக்கு முற்றம் கிடையாது. சாலைதான் முற்றம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பலர் இங்கே வந்தார்கள். தோல் பதனிடும் வேலை செய்தார்கள். பொங்கலும் அவர்களோடு வந்தது. மண்பானைக்கும் பஞ்சம் இல்லை. குஜராத்தி குயவர்கள் வாழும் கும்பார்வாடா பக்கத்திலேயே இருக்கிறது.

"நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கே, அம்மா?" என்றாள் மகள்.

"அங்கே பொங்கினா நாம ரெண்டு பேர்தான் குலவை போடணும். இங்கே தெருவே போடும்."

பால் பொங்கியது. குலவைச் சத்தம் எழுந்தது.

தாராவியை இடித்து மாடி வீடுகள் கட்டத் திட்டம் நடக்கிறது. பக்கத்து அடுப்பு ஆச்சிக்கு அதே கவலை.

"மாடிக்குப் போயிட்டா அடுப்பை எங்கே வைப்பேன், தாயி?"

"கீழே தெரு இருக்குமே, ஆச்சி!"

"வீடு கேக்கும்போதே தெருவையும் சேர்த்துக் கேக்கணும்" என்றார் ஆச்சி.