காக்கி வேண்டுமா? முதலில் கம்பியில் தொங்குங்கள்

சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும் கவர்மென்ட் சம்பளத்தைக் குறிவைத்து போலீஸுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள் விருதுநகர் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு. விடிவதற்குள் கிரவுண்டைச் சுற்றி ஓடுகிறார்கள். நல்லது. ஆனால், ஓட்டத்தை மட்டும் நம்புகிறவர் மார்க்கைக் கோட்டை விடுவார்.

கணக்கைப் பாருங்கள். ராணுவத்தின் அக்னிவீர் உடல்தகுதித் தேர்வில் ஓட்டத்துக்கு அதிகபட்சம் 60 மார்க், புல்-அப்புக்கு 40. ஆறு புல்-அப் எடுத்தால் 16 மார்க்; பத்து எடுத்தால் முழு 40. நாலு புல்-அப்பில் 24 மார்க் வித்தியாசம்! இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பது உள்ளே நுழைய டிக்கெட் மட்டுமே. அடுத்து கயிறு நிற்கும்: 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் என்றால் இரண்டு. பெண்களுக்குக் கயிறு இல்லை. குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல். விதிகள் மாறும், நோட்டிஃபிகேஷனை நீங்களே படியுங்கள்.

1. பலம் கூட்டும் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும். திங்கள் செஸ்ட், செவ்வாய் பைசெப்ஸ் என்று ஜிம் மாஸ்டர் நீட்டும் சார்ட் பாடிபில்டருக்கானது. புதியவருக்கு ஒவ்வொரு முறையும் முழு உடம்பும் வேலை செய்ய வேண்டும்: ஸ்குவாட், தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, தரையிலிருந்து தூக்குவது ஒன்று. பார்பெல் கிடைத்தால் வெறும் 20 கிலோ ராடில் தொடங்குங்கள். ஐந்து ஐந்தாக மூன்று செட். ஃபார்ம் சரியாக இருந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். பக்கத்தில் 60 கிலோ தூக்குகிறவரைப் பார்த்து ரோஷப்பட வேண்டாம். அவர் உங்கள் பேட்ச்சில் எழுதப்போவதில்லை.

2. ஒரு புல்-அப்கூட வரவில்லையா? முதலில் கம்பியில் 30 விநாடி தொங்கப் பழகுங்கள். கயிற்றுக்கும் இந்தப் பிடிதான் முதலீடு. பிறகு ஸ்டூலில் ஏறி, தாடையைக் கம்பிக்கு மேல் நிறுத்தி, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். ஐந்து முறை, மூன்று செட். ஏற முடியாதவருக்கும் இறங்க முடியும். அந்த இறக்கத்தில்தான் முதுகு பலம் பெறும். முதல் புல்-அப் வந்ததும், இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் பல முறை எடுங்கள். உடம்பை ஆட்டி ஏறுகிற பழக்கம் வேண்டாம். தேர்வில் எண்ணுகிறவர் அதைக் கணக்கில் சேர்ப்பார் என்று நம்பாதீர்கள்.

3. ஜிம் ஃபீஸ் கட்ட வழியில்லையா? தண்டால், பஸ்கி, ஒரு மணல் மூட்டை. தென்மாவட்டங்களில் அந்தக் காலத்து இளைஞர்கள் இளவட்டக்கல் தூக்கிப் பலம் காட்டினார்கள். கல்லில் கிலோ கூட்ட முடியாது, மூட்டையில் முடியும்.

4. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். டைரி அச்சடிக்கிற ஊரில் டைரிக்கா பஞ்சம்?

5. பகலில் பண்டல் தூக்குகிற வேலை என்றால் அதையே ட்ரெயினிங் என்று நினைக்காதீர்கள். எடை கூடாத உழைப்பில் அசதிதான் கூடும். அன்று ஒரு செட்டைக் குறையுங்கள், நாளைத் தவறவிடாதீர்கள். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடும் வாரங்கள் தொடங்குவதற்குத் தோதானவை. சித்திரை வெயிலில் சூரியனுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

6. புரோட்டீன் டப்பாவுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முட்டை, கொண்டைக்கடலை, பயறு, வேர்க்கடலை போதும். எண்ணெய்ப் பரோட்டாவை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவையுங்கள்.

7. ராணுவ ரேலியில் முதலில் ஓட்டம், பிறகுதான் கம்பி. ஃபிரெஷ்ஷாக இருக்கும்போது பத்து எடுப்பவர்கூட ஓடி முடித்தபின் ஏழில் நின்றுபோகலாம். கடைசி ஆறு வாரம், வாரத்தில் ஒரு நாளாவது 1.6 கிலோமீட்டர் ஓடி முடித்து, மூச்சு இரைக்கும்போதே கம்பியைப் பிடியுங்கள். அன்று வருகிற எண்ணிக்கையை வைத்தே மார்க் கணக்குப் போடுங்கள்.