சாவியைப் பிடுங்கும் முன்

ஓமலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. வண்டிச் சாவியை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடச் சொல்லி ஓசூரிலிருந்து நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. தம்பிக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது, வயது 58 ஆகிவிட்டது, இனி பைக் வேண்டாம் என்பது உன் கட்சி. அப்பாமேல் உள்ள பாசத்தில் சொல்கிறாய், அதில் தப்பில்லை. ஆனால் சாவியைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். அடுத்த முறை கண்ணில் மின்னல் வெட்டினாலும் அவன் வாய் திறக்க மாட்டான். சொன்னால் வண்டி போய்விடும் என்று மறைப்பான். இந்தக் கோளாறில் மறைப்பதுதான் கண்ணைப் பறிக்கும், பூச்சி பறிக்காது. எனவே சாவி இருக்கட்டும். முதலில் கண்மணியைச் சொட்டு மருந்தால் விரித்து, விழித்திரையின் ஓரம் வரை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை.

விழியின் உட்புறத்தில் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது இளநுங்கு போன்ற தெளிந்த கூழ். டாக்டர்கள் விட்ரியஸ் என்பார்கள். ஏறக்குறைய 4 மில்லி இருக்கும், அதில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். மீதி கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும். வயது ஏற ஏறக் கூழ் அங்கங்கே நீர்த்துப்போகிறது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. தம்பி பார்ப்பது அந்த நிழலைத்தான். கண்ணைத் திருப்பினால் அதுவும் கூட ஓடுவதும், கண் நின்ற பிறகும் கொஞ்சம் நகர்ந்து நிற்பதும், உற்றுப் பார்க்கப் போனால் நழுவுவதும் அதனால்தான். வீட்டுக்குள் தெரியாத பூச்சி, தீவட்டிப்பட்டிச் சாலையில் வெள்ளை வானத்துக்கு எதிரே தெரிவதற்கும் வேறு காரணம் இல்லை.

ஐம்பதைத் தாண்டியவர்களில் மிகப் பலருக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கூழ் சுருங்கி, பின்னால் ஒட்டியிருந்த விழித்திரையை விட்டு விலகிவிடும். பி.வி.டி. என்று சீட்டில் எழுதுவார்கள். கிட்டப்பார்வைக்காகப் பெரிய மைனஸ் கண்ணாடி போட்டவர்களுக்கும், புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இது முன்னாலேயே வரலாம். இது நோய் இல்லை, நரை மாதிரி வயதோடு வருவது. கூழ் சுத்தமாக விலகிவிட்டால் தொல்லை அவ்வளவுதான். சில மாதங்களில் மூளை அந்த நிழலைக் கவனிப்பதையே விட்டுவிடும்.

சுத்தமாக விலகாமல் ஏதோ ஓரிடத்தில் அழுத்தமாக ஒட்டியிருந்து, விலகும்போது விழித்திரையையும் சேர்த்து இழுத்தால்தான் ஆபத்து. இழுபடும்போது விழித்திரைக்கு வலி தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அதுதான் இருட்டில் கண்ணோரம் வெட்டும் மின்னல். இழுத்த இடம் கிழிந்தால், நீர்த்த கூழ் அந்தக் கிழிசல் வழியாகப் பின்னால் புகுந்து விழித்திரையைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். திடீரென்று பூச்சியோ மின்னலோ தெரிந்து கண் டாக்டரிடம் போனவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேருக்குக் கிழிசல் இருந்ததாக, 2009-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. மீதி 86 பேருக்கு அப்போது கிழிசல் இல்லை. ஆனால் தம்பி எந்தக் கணக்கில் வருகிறான் என்பதை வாசலில் உட்கார்ந்து யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே இதை அம்மாவுக்கும் மனப்பாடம் ஆகும்படி சொல்லி வை. ஒன்றிரண்டாக இருந்த பூச்சி திடீரென்று கும்பலாகக் கொட்டினால், கரும்புள்ளி மழையாகவோ புகையாகவோ தெரிந்தால், மின்னல் வெட்டினால், பார்வையின் ஏதாவது ஓரத்திலிருந்து கருப்புத் திரை இறங்கினால், அன்றைக்கே கண் மருத்துவமனை. ஞாயிறு, திருவிழா, கல்யாணம் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. கிழிசலோடு பிடித்துவிட்டால் வெளிநோயாளியாகவே லேசர் வைத்து ஓரத்தை ஒட்டிவிடுவார்கள். விழித்திரை பிரிந்த பிறகு போனால் ஆபரேஷன்தான். அதிலும் நடுப்பகுதி பிரிவதற்கு முன்னால் போனால் கிடைக்கும் பார்வை, பிரிந்த பின் போனால் முழுதாகக் கிடைப்பது அரிது. தம்பிக்குச் சர்க்கரை உண்டா என்று பார்த்து வெகுநாள் ஆகியிருக்கும். சர்க்கரை இருந்து கவனிக்காமல் விட்டவர்களுக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தும் இதே கரும்புள்ளி மழை வரும். போகும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கிழிசலை அடைக்கலாம் என்பதே நூறு வருஷத்துக்கு முன் பெரும்பாலோர் நம்பாத விஷயம். விழித்திரை பிரிந்தால் கண் போனதுதான் என்று இருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனன், கிழிசல்தான் மூலம், அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சூடு வைத்து அடைத்தால் விழித்திரை மறுபடி ஒட்டும் என்று 1920-களில் செய்து காட்டினார். ஆனால் ஓரத்துக் கிழிசலைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதற்கு வழி செய்தவர் பெல்ஜியத்துக்காரர் சார்லஸ் ஷெப்பன்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது இவர் வேறு பெயரில் பிரான்ஸ் எல்லையில் ஒரு மரம் அறுக்கும் ஆலையை நடத்தியபடி, நாஜிகளிடமிருந்து தப்பியவர்களைப் பிரனீஸ் மலை கடத்தி ஸ்பெயினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போர் முடிந்ததும் லண்டனில், தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணாலும் விழித்திரையின் விளிம்பு வரை பார்க்கும் கருவியின் முதல் வடிவத்தைச் செய்தார். பிறகு பாஸ்டனுக்குப் போனார். அங்கே அவரிடம் பயின்ற சென்னை திருவல்லிக்கேணிக்காரர்தான் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத். ஊர் திரும்பி 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார், 2023 நவம்பரில் காலமானார். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று சேலத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே கிடைக்காத பரிசோதனை, இன்று ஓமலூரிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் கிடைக்கிறது. இதை நினைக்கும்போது, ‘பார்த்துக்கலாம்’ என்று தம்பி நாள் கடத்துவதைப் பொறுக்க முடியவில்லை.

அரவிந்துக்குப் போனாலும் சரி, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனாலும் சரி, விழித்திரை டாக்டர் அன்று இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள். அன்று மட்டும் அவன் வண்டியைத் தொடக் கூடாது. சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கண்மணி சுருங்காது. வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து கலங்கும். அந்தக் கண்ணோடு கருப்பூர் மேம்பாலத்தில் வெயிலுக்கு எதிரே வண்டி ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குக் கொஞ்சம்தான் மேல். ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கட்டும். கூட ஒரு ஆள் போக வேண்டும். கருப்புக் கண்ணாடி ஒன்றை அம்மா பையில் வைக்கட்டும். குடும்ப மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள், எது எதற்குப் பொருந்தும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் கிழிசல் இல்லை என்று சொன்னாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். கூழ் விலகி முடிவதற்குள் புதுக் கிழிசல் விழலாம் என்பதுதான் காரணம். அந்த இரண்டாவது தடவையைத்தான் நம் ஜனங்கள் தவறவிடுகிறார்கள்.

பூச்சியைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் இல்லை. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் கண்ணில் விட வேண்டாம். கண்ணின் மேற்பரப்பில் விட்டது உள்ளே கூழில் கிடக்கும் இழையைக் கரைக்காது, கிருமியை வேண்டுமானால் கொண்டுவந்து சேர்க்கும். லேசரால் திரளை உடைப்பது சில இடங்களில் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது. கூழையே வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி ஆபரேஷனை 1970 வாக்கில் ராபர்ட் மகெமர் அமெரிக்காவில் தொடங்கிவைத்தார். கண்ணைக் காப்பாற்றும் பெரிய கொடை அது. வெறும் பூச்சிக்காக அதைச் செய்துகொண்டால் பின்னால் புரை சீக்கிரம் முற்றும், அரிதாக விழித்திரையே பிரியவும் கூடும். தொல்லை தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் டாக்டர்கள் யோசித்துச் செய்வார்கள்.

டாக்டர் பார்த்துப் பயமில்லை என்ற பிறகு வண்டி விஷயத்துக்கு வருவோம். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வரத் தொடங்கியது உனக்குத் தெரியும். அதில் கை பழகிய பிள்ளைகள்தான் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறார்கள். தாரமங்கலம், காடையாம்பட்டி, மேச்சேரி என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் அவர்களுக்கு இரண்டு சக்கரம்தான் கால். சாவி போனால் போக்குவரத்தோடு பாதி வாழ்க்கையும் நின்றுவிடும். அதனால், ஓட்டாதே என்பதைவிட எப்படி ஓட்டுவது என்பதைச் சொல்வதில்தான் பயன் அதிகம்.

சாலையில் பூச்சியால் இரண்டு விதத்தில் கெடுதல் வரும். கண்ணோரம் ஏதோ பாய்ந்ததென்று திடுக்கிட்டு ஹேண்டிலை வெட்டுவது ஒன்று. நிஜமாகவே நாய் பாயும்போது, பூச்சிதானே என்று விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் கொடியது, பழகப் பழக வருவது. நிஜப் பொருள் நெருங்க நெருங்கப் பெரிதாகும், நிழல் ஆகாது. ஆனால் சாலையில் அதைச் சோதித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சந்தேகம் வந்தால் ஹேண்டிலைத் திருப்பாமல் ஆக்சிலேட்டரைத் தளர்த்துவது ஒன்றே போதும். நிழலாக இருந்தால் நஷ்டமில்லை, நாயாக இருந்தால் பிரேக்குக்கு இடம் கிடைக்கும். முன்னால் போகும் லாரிக்கு இப்போது விடுவதைவிட இரட்டிப்பு இடைவெளி விடட்டும். பூச்சியைப் பார்வையால் துரத்தவே கூடாது. தொந்தரவு அதிகமானால் ஓரங்கட்டி நிறுத்தி, கண்ணை மேலும் கீழும் இரண்டு தரம் உருட்டினால் நடுவிலிருந்து விலகும்.

ஹெல்மெட் கண்ணாடியை உடனே மாற்று. கீறலும் தூசியும் பூச்சியோடு சேர்ந்து எது எதென்று தெரியாமல் அடிக்கும். தலையைத் திருப்பும்போது கூடவே வந்தால் கண்ணாடிக் கறை, தலை அசையாமல் கண் மட்டும் திரும்பும்போது ஓடினால் பூச்சி. சேலம் நமக்குத் தென்கிழக்கே இருப்பதால் காலையில் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் சாய்ந்த வெயில் இடது முன்பக்கத்திலிருந்தே முகத்தில் அடிக்கிறது. பூச்சி மிகத் தெளிவாகத் தெரிவது அந்த நேரத்தில்தான். எட்டரைக்கு மேல் கிளம்பி நாலு மணிக்குள் திரும்பும்படி வேலையை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். பகலில் கருப்புக் கண்ணாடி நல்லது. இரவில் கருப்பு வைசர் கூடவே கூடாது. இரவில் எதிர் வண்டியின் ஹை பீம் கூசுவதை எல்லாம் பூச்சியின் கணக்கில் எழுதாதே, இந்த வயதில் புரையும் தொடங்கியிருக்கலாம். அதே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தொப்பூர் கணவாயை மட்டும் பெரியப்பா கண்டிப்பாக மறுக்கிறேன். தர்மபுரியிலிருந்து இறங்கும் சரிவில், இரட்டைப் பாலத்தருகே பாரம் ஏற்றிய லாரிகள் கட்டுப்பாடு இழப்பது வாடிக்கை. 2020 டிசம்பரில் தேங்கி நின்ற கார்கள்மீது லாரி மோதி நான்கு பேர் இறந்ததை நீயும் படித்திருப்பாய். கண்ணாடியில் பின்னால் வருவதையும் ஓரத்தில் ஒதுங்குவதையும் நொடிக்கு நொடி பார்க்க வேண்டிய சாலை அது. உன்னைப் பார்க்க ஓசூர் வருவதென்றால் பஸ்ஸில் வரட்டும்.

இன்னொன்று. ஒருவேளை ஆபரேஷன் வரை போய், கண்ணுக்குள் கேஸ் வைத்தார்கள் என்றால், அது கரையும் வரை 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுக்கு ஏறக் கூடாது, காமலாபுரத்திலிருந்து விமானம் ஏறவும் கூடாது. உயரம் போகப் போகக் கேஸ் விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறிவிடும். வண்டியும் டாக்டர் சொல்லும் வரை தொடக் கூடாது. கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே விழித்திரையைக் காட்ட வேண்டும்.

உரிமம் புதுப்பிக்கிற கெடுவையும் பார்த்து வை. 55 தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுக்குத்தான் தருகிறார்கள், டாக்டர் கையெழுத்திட்ட 1ஏ படிவமும் வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்கிறார்கள். அதை வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்யச் சொல். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தெருமுனையில் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்கட்டும், பிறகு அடுத்த கண். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். ஒரு கண்ணில் வந்தது மற்றதிலும் பின்னாலேயே வருவதுண்டு என்பதால் இது பூச்சி பழகிப்போன பிறகும் தொடர வேண்டும்.

இந்த வாரம் லீவு கிடைக்குமானால் வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடு, சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாம் மூவரும் போகலாம். கிடைக்காவிட்டால் பெரியப்பா அழைத்துப் போகிறேன். தம்பியிடம் போனில் பேசும்போது சாவியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதே. மின்னல் எப்போதாவது வெட்டியதா என்று மட்டும் கேள், அவன் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு, தேதியைக் குறித்துக்கொள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அன்புடன்,
பெரியப்பா